திறந்த லினக்ஸ் கேம் கன்சோல்: பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி முதல் ஆட்டம் வரை ஒரு முழு வழிகாட்டி

2010 ஏப்ரல் 1-ஆம் தேதி, பிளேஸ்டேஷன் 3 வைத்திருந்தவர்களுக்கு சோனியிடமிருந்து ஓர் அப்டேட் வந்தது. பதிப்பு எண் 3.21. அதை நிறுவினால், அந்தக் கன்சோலில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ள இடம் கொடுத்த 'அதர் ஓஎஸ்' வசதி போய்விடும். நிறுவாமல் விட்டால் ஆன்லைனில் விளையாட முடியாது. 2006-இல் கன்சோல் வெளிவந்தபோது இரண்டும் சேர்ந்தேதான் வந்தன. அதை நம்பித்தான் பலர் வாங்கினார்கள். அமெரிக்க விமானப்படையின் ஆய்வகம் 1,700-க்கும் மேற்பட்ட பிளேஸ்டேஷன் 3-களை ஒன்றாகக் கோத்து 'காண்டோர்' என்ற சூப்பர் கணினியையே கட்டியது. நாலு வருஷம் கழித்து, நம் வீட்டுக்குள் இருக்கிற பெட்டியில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று வேறொருவர் முடிவு செய்தார்.

இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் நான் திறந்த கன்சோல் பக்கம் வந்தேன். நான் காசு கொடுத்து வாங்கிய 11 கேம்கள் ஒரு கன்சோலின் ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. டிஸ்க் பழுதானது. புது டிஸ்க் போட்டு மறுபடி இறக்கிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அந்தக் கன்சோலுக்கான ஆன்லைன் கடை அதற்கு முன்பே மூடப்பட்டிருந்தது. தம்பியும் நானும் சேர்ந்து முக்கால்வாசி முடித்திருந்த ஓர் ஆட்டத்தின் சேவும் அதோடு போனது. பெட்டி நன்றாக வேலை செய்தது; ஆனால் அந்த 11 கேம்களும் அதில் இல்லை.

உள்ளே லினக்ஸ் இருந்தால் மட்டும் ஒரு கன்சோல் திறந்ததாகிவிடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் இந்த இரண்டையும் குழப்புகிறார்கள். 2016-இல் நின்டெண்டோ விட்ட என்இஎஸ் கிளாசிக் என்ற குட்டிப் பெட்டி லினக்ஸில்தான் ஓடியது. ஆனாலும் அதில் வந்த 30 கேம்களைத் தவிர வேறெதையும் சேர்க்க அதிகாரபூர்வ வழி கிடையாது. ஊயா என்ற பெட்டியின் கதையும் அதே மாதிரிதான். 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 85 லட்சம் டாலர் திரட்டி, திறந்த கன்சோல் என்ற பெயரோடு வந்தது. ஆண்ட்ராய்டு, அதற்கு அடியில் லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி. 2019 ஜூன் 25-ஆம் தேதி சர்வர்கள் நிறுத்தப்பட்டன. வாங்கியதைச் சரிபார்க்க அந்த சர்வரையே கேட்டுக்கொண்டிருந்த கேம்கள் அன்றோடு படுத்துவிட்டன.

ஆகவே ஒரு பெட்டியைப் பார்க்கும்போது நான் கேட்பது இவைதான்: இதில் இருக்கும் இயங்குதளத்தை அழித்துவிட்டு வேறொன்றைப் போட முடியுமா? இணையம் இல்லாமல் ஆன் ஆகி விளையாட விடுமா? டிஸ்க் போனால் கடையில் கிடைக்கும் சாதாரண டிஸ்க்கை மாட்டலாமா? மூன்றுக்கும் ஆம் என்றால் சாவி நம் கையில் இருக்கிறது. அப்படி ஒரு கன்சோலை வீட்டிலேயே அமைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இப்போது ஏன் இது சாத்தியம்

லினக்ஸ் கன்சோல் புதிய கனவு இல்லை. 2000-த்தில் இன்ட்ரிமா என்ற நிறுவனம் எல்600 என்ற பெட்டியை அறிவித்தது. பணம் கிடைக்காமல் 2001-இல் கடையை மூடியது. 2002-இல் சோனியே பிளேஸ்டேஷன் 2-க்கு லினக்ஸ் கிட் விற்றது: 40 ஜிபி ஹார்டு டிஸ்க், கீபோர்டு, மவுஸ், எல்லாம் சேர்த்து. 2015-இல், ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் மெஷின்கள் வந்தன. அவை தோற்றதற்குக் காரணம் எளிது: லினக்ஸுக்கென்று தனியாக எழுதப்பட்ட கேம்கள் போதவில்லை.

அதற்கப்புறம் வால்வ் பாதையை மாற்றியது. 'லினக்ஸுக்கு எழுதுங்கள்' என்று கேம் நிறுவனங்களைக் கெஞ்சுவதை விட்டுவிட்டு, விண்டோஸ் கேம்களை அப்படியே லினக்ஸில் ஓட்டும் வழியைத் தேடியது. விண்டோஸ் மென்பொருள்களை லினக்ஸில் ஓட்ட 1993-இலிருந்து வளர்ந்துவரும் வைன் திட்டம் கையிலிருந்தது. விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்3டி கட்டளைகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கன் என்ற முறைக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே அப்போதுதான் வந்திருந்தது. இரண்டையும் சேர்த்து 2018 ஆகஸ்டில் புரோட்டான் வெளியானது. 2022 பிப்ரவரியில் அதே அடித்தளத்தில் ஸ்டீம் டெக் வந்தது. இன்று கையில் வைத்து விளையாடும் அந்தக் கருவிக்காக எழுதப்படும் ஒவ்வொரு திருத்தமும் உங்கள் டிவிக்கு அடியில் இருக்கும் பழைய கணினிக்கும் இலவசமாக வந்து சேர்கிறது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இதுதான்.

படி 1: என்ன விளையாடப் போகிறீர்கள்?

பெட்டியை வாங்கிவிட்டு இந்தக் கேள்விக்கு வருபவர்கள்தான் அதிகம். தலைகீழாகச் செய்யாதீர்கள்.

பழைய கன்சோல் கேம்கள் மட்டும் போதும், அதாவது 8-பிட், 16-பிட், முதல் பிளேஸ்டேஷன் காலம் வரை என்றால் மிகச் சிறிய கருவியே போதும். பிளேஸ்டேஷன் 2, கேம்கியூப் வரை போக வேண்டும் என்றால் செயலி வேகமாக இருக்க வேண்டும். பழைய கன்சோல் போலவே நடிக்கும் எமுலேட்டர் மென்பொருள்கள், செயலியில் உள்ள கோர்களின் எண்ணிக்கையைவிட ஒவ்வொரு கோரின் வேகத்தையே அதிகம் கேட்கும். புதிய பிசி கேம்கள் வேண்டும் என்றால் தனி கிராஃபிக்ஸ் கார்டோடு ஒரு முழுக் கணினி தேவை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஃபோர்ட்நைட் அல்லது வாலரன்ட் விளையாடத்தான் இந்தக் கன்சோல் என்றால், இங்கேயே நின்றுவிடுங்கள். ஏமாற்றுவதைத் தடுக்கும் அவற்றின் மென்பொருள் லினக்ஸில் விளையாட விடுவதில்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற இத்தகைய மென்பொருள்கள் இரண்டும் 2021-லேயே புரோட்டானில் ஓடும் வசதி செய்துவிட்டன. ஆனால் அதை இயக்குவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு கேம் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இருந்ததும் போகலாம்: ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்தது, 2024-இல் நிறுத்திவிட்டார்கள். உங்களுக்கு வேண்டிய கேம்களின் பெயரை புரோட்டான்டிபி என்ற தளத்தில் தேடிப் பாருங்கள். பிளாட்டினம், கோல்டு என்று விளையாடியவர்களே தரம் போட்டிருப்பார்கள். தரத்தைவிட, சமீபத்தில் எழுதிய நாலைந்து குறிப்புகளைப் படிப்பதுதான் பயன்.

படி 2: பெட்டி

ராஸ்பெர்ரி பை 4 அல்லது 5 என்ற குட்டிக் கணினி பழைய கேம்களுக்கு அருமையானது. சத்தம் இல்லை, டிவிக்குப் பின்னால் ஒட்டிவிடலாம். ஆனால் அதில் இருப்பது போன்களில் வரும் ஏஆர்எம் வகைச் செயலி. ஸ்டீமில் இருக்கும் பிசி கேம்களுக்கு அதை நம்ப வேண்டாம். பவர் சப்ளையில் மிச்சம் பிடிக்காதீர்கள்: பை 4-க்கு 15 வாட், பை 5-க்கு 27 வாட் சப்ளை வேண்டும். போன் சார்ஜரை மாட்டினால் ஆன் ஆகும், ஆட்டம் சூடுபிடிக்கும் நேரத்தில் வேகம் குறையும். திரையின் மூலையில் மின்னல் குறி தெரிந்தால் மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகளில் பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் டிவியை மாட்டுங்கள்.

நான் பெரும்பாலும் பரிந்துரைப்பது அலுவலகங்களில் கழித்துவிடும் சிறிய கணினிகளை. இன்டெல் 6-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையது, 8 ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி. பழைய கேம்களுக்கும் எளிய பிசி கேம்களுக்கும் இது தாராளம். கிராஃபிக்ஸ் கார்டு சேர்க்கும் எண்ணம் இருந்தால் வாங்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள். ஒல்லியான பெட்டிகளில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். பவர் சப்ளையும் அந்தந்த நிறுவனத்தின் தனி வடிவத்தில் இருக்கும், கார்டுக்கான தனி ஒயர் இருக்காது. அப்படிப்பட்ட பெட்டியில் மதர்போர்டு துளையிலிருந்தே முழு மின்சாரத்தையும் எடுத்துக்கொள்ளும் கார்டு மட்டுமே சரி.

கார்டு என்றால் ஏஎம்டி. லினக்ஸில் அதன் டிரைவர் கெர்னலிலும் மேசா என்ற கட்டற்ற தொகுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் எதையும் தேடி நிறுவ வேண்டியதில்லை. என்விடியா கார்டு கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், ஓடும். ஆனால் கன்சோல் போன்ற முழுத்திரை முகப்பில் சில்லறைத் தொந்தரவுகள் வரும்.

பூட்டு இல்லாமல் தயாராகவே விற்கும் பெட்டிகளும் உண்டு. 2021-இல் வந்த அட்டாரி விசிஎஸ் லினக்ஸில் ஓடியது, யுஎஸ்பியிலிருந்து வேறு இயங்குதளத்தையும் தொடங்க விட்டது. வால்வ் 2025 நவம்பரில் ஸ்டீம் மெஷின் என்ற பெயரிலேயே ஒரு புதுப் பெட்டியை மறுபடி அறிவித்தது.

படி 3: எந்த டிஸ்ட்ரோ

டிஸ்ட்ரோ என்றால் நிறுவத் தயாராகக் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்பு. பழைய கேம்களுக்கு பட்டோசெரா. பென் டிரைவிலிருந்தே முழுவதும் ஓடும், கணினியின் உள் டிஸ்க்கைத் தொடாது. பிடிக்கவில்லை என்றால் பென் டிரைவைப் பிடுங்கினால் பழையபடி விண்டோஸ். முதல் தடவை முயல்பவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ரீகால்பாக்ஸ் இதே குடும்பம். லக்கா இன்னும் சின்னது, ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் முகப்பு மட்டும் கொண்டது. ரெட்ரோபை, ராஸ்பெர்ரி பையில் நிறைய நோண்டிப் பார்க்க விரும்புபவர்களுக்கு.

பிசி கேம்களுக்கு பாஸைட். ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவை அடிப்படையாகக் கொண்டது, ஸ்டீம் டெக்கில் இருக்கும் அதே முகப்பில் நேராக ஆன் ஆகும். இதன் பெரிய பலம் அப்டேட் முறை. இயங்குதளம் முழுதும் ஒரே இமேஜாக, அதாவது ஒரே தொகுப்பாக வருகிறது, பழைய இமேஜும் அழியாமல் இருக்கிறது. அப்டேட்டுக்குப் பின் ஏதாவது கெட்டால் ஆன் ஆகும்போது பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும். கன்சோலில் அம்மாவும் குழந்தைகளும் கை வைப்பார்கள் என்ற வீட்டில் இது எவ்வளவு நிம்மதி என்பது அனுபவித்தால் தெரியும். ஆர்ச் என்ற டிஸ்ட்ரோவின் அடிப்படையிலான கைமெராஓஎஸ் இன்னொரு வழி. வால்வின் ஸ்டீம்ஓஎஸ்ஸையே போடலாம், ஆனால் அது ஏஎம்டி வன்பொருளையும் குறிப்பிட்ட சில கருவிகளையும் மனதில் வைத்துச் செய்யப்பட்டது.

படி 4: நிறுவுதல்

குறைந்தது 16 ஜிபி பென் டிரைவ் ஒன்று எடுங்கள். பட்டோசெராவை அதிலேயே நிரந்தரமாக ஓட்டப்போகிறீர்கள் என்றால் 64 ஜிபிக்குக் குறையாமல், நல்ல யுஎஸ்பி 3.0 டிரைவாக.

டிஸ்ட்ரோவின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து மட்டும் இமேஜ் ஃபைலை இறக்குங்கள். 'பத்தாயிரம் கேம் உள்ளே' என்று சுற்றும் தயார் இமேஜ்களை நெருங்க வேண்டாம்: உள்ளே யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது, கேம்களும் திருட்டுப் பிரதிகள். இறக்கியபின் தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு உங்கள் ஃபைலின் எண் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் போராடியவர்களை எனக்குத் தெரியும். அந்த எண்ணைப் பார்க்க ஒரு நிமிஷம்தான் ஆகும்.

பலேனா எட்சர் போன்ற ஒரு மென்பொருளால் இமேஜை பென் டிரைவில் எழுதுங்கள். சாதாரணமாக காப்பி-பேஸ்ட் செய்தால் பூட் ஆகாது. எழுதும்போது டிரைவில் இருப்பது எல்லாம் அழியும். டிரைவின் பெயரையும் அளவையும் இரண்டு முறை பாருங்கள்; பக்கத்தில் புகைப்படங்கள் இருக்கும் வெளி ஹார்டு டிஸ்க் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிடுங்கள்.

அடுத்து கணினியின் பயாஸ், அதாவது இயங்குதளம் தொடங்கும் முன் வரும் அமைப்பு மெனு. ஆன் செய்த உடனே எஃப்2 அல்லது டெலீட் கீயைத் தட்டினால் திறக்கும், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பட்டோசெரா என்றால் அங்கே 'செக்யூர் பூட்' வசதியை (கையொப்பம் இல்லாத இயங்குதளத்தைத் தொடங்க விடாதது) அணைக்க வேண்டும். அதில் கை வைக்கும் முன் ஓர் எச்சரிக்கை: விண்டோஸில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கலாம். அந்த எண்ணை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது பிட்லாக்கரை நிறுத்தி வையுங்கள். இந்த ஒரு வரியைத் தவறவிட்டால் படிப்புக் கோப்புகளும் குடும்பப் படங்களும் பூட்டிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் பூட் மெனு, பெரும்பாலும் எஃப்12. பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பட்டோசெரா முதல் தடவை டிரைவின் மீதி இடத்தைத் தனக்கு விரித்துக்கொள்ளும், சற்று நேரம் எடுக்கும், பொறுங்கள். பாஸைட் என்றால் நிறுவும் மென்பொருள் திறக்கும். டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதில் இருப்பதை அழித்துவிட்டு உட்காரும். விண்டோஸும் வேண்டும் என்றால் தனி எஸ்எஸ்டி ஒன்று மாட்டி அதில் போடுங்கள். ஒரே டிஸ்க்கைப் பங்கு பிரிப்பது முடியும், ஆனால் முதல் முயற்சிக்கு அது வேண்டாம்.

படி 5: டிவி

'லினக்ஸில் கேம் மெதுவாக இருக்கிறது, பட்டனை அழுத்தி அரை நொடி கழித்துத்தான் குதிக்கிறது' என்று கேட்டவர்களில் பாதிப் பேருக்கு நான் சொன்ன தீர்வு டிவி ரிமோட்டில் இருந்தது. டிவி, படத்தை அழகுபடுத்த ஒவ்வொரு ஃபிரேமையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. பட அமைப்பில் கேம் மோடைப் போடுங்கள். ஓரங்கள் வெட்டுப்பட்டால் பட அளவை 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 1:1 என்பதற்கு மாற்றுங்கள். ஒலி வரவில்லை என்றால் ஒலி வெளியீட்டை எச்டிஎம்ஐ-க்கு மாற்றிப் பாருங்கள்.

4கே, 120 ஹெர்ட்ஸ் டிவி வைத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏஎம்டி தயாரித்த திறமூல எச்டிஎம்ஐ 2.1 டிரைவரை, எச்டிஎம்ஐ விதிமுறைகளை வகுக்கும் எச்டிஎம்ஐ மன்றம் 2024-இல் ஏற்க மறுத்துவிட்டது. 4கே 60-க்குத் தடை இல்லை. 120 வேண்டும் என்றால் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் துளையிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் அடாப்டர்களைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். கார்டும் இருக்கிறது, டிவியும் இருக்கிறது, நடுவில் ஒரு விதிமுறையின் கதவு மட்டும் மூடியிருக்கிறது.

படி 6: கன்ட்ரோலர்

இங்கே லினக்ஸ் உண்மையிலேயே தாராளமாக நடந்துகொள்கிறது. எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், நின்டெண்டோ ஸ்விட்ச் புரோ என்று எதிரெதிர் கடைகளின் கன்ட்ரோலர்கள் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வேலை செய்யும். டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்கான டிரைவரை சோனியே எழுதி 2021-இல் லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுத்தது. லினக்ஸைத் தன் கன்சோலிலிருந்து எடுத்த அதே நிறுவனம் பதினொரு வருஷம் கழித்துச் செய்த இந்த வேலைக்கு மனதார நன்றி சொல்கிறேன்.

இணைக்கும் முறை: டூயல்ஷாக் 4 என்றால் ஷேர் பட்டனையும் நடுவில் உள்ள பிஎஸ் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள், டூயல்சென்ஸில் ஷேருக்குப் பதில் கிரியேட். விளக்கு வேகமாகக் கண் சிமிட்டும். எக்ஸ்பாக்ஸில் மேல் விளிம்பில் சின்ன இணைப்பு பட்டன் இருக்கிறது. பிறகு கன்சோலின் ப்ளூடூத் மெனுவில் தேடுங்கள். ஏற்கெனவே போனோடோ வேறு கன்சோலோடோ இணைத்திருந்தால் கன்ட்ரோலர் அங்கேயே ஓடிப்போகும். அங்கே ப்ளூடூத்தை அணைத்துவிட்டு முயலுங்கள்.

ஒரு விஷயம் என்னை மூன்று வாரம் அலைக்கழித்தது. கன்ட்ரோலர் இணைகிறது, பத்து நிமிஷம் நன்றாக ஓடுகிறது, திடீரென்று பாத்திரம் தானாக இடது பக்கம் நடந்துகொண்டே போய்ப் பள்ளத்தில் விழுகிறது. பேட்டரி மாற்றினேன், டிஸ்ட்ரோவை மாற்றினேன், கன்ட்ரோலர் கெட்டுவிட்டது என்று கடன் வாங்கிய இன்னொன்றைப் போட்டேன், அதுவும் அப்படியே. கடைசியில் கவனித்தது: கேம் பெரிய காட்சியை ஏற்றும்போது மட்டும்தான் இப்படி நடக்கிறது. அதாவது வெளி ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது. ப்ளூடூத் டாங்கிள் அந்த டிஸ்க்கின் ஒயருக்கு ஒட்டியே கணினியின் பின்புறம் சொருகியிருந்தது. யுஎஸ்பி 3.0 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். ப்ளூடூத் பேசுவதும் அதே அலைவரிசையில்தான். 'பட்டனை விட்டுவிட்டேன்' என்ற செய்தி வந்து சேராததால் பாத்திரம் நடந்துகொண்டே இருந்தது. ஒரு சாதாரண யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயரில் டாங்கிளை மாட்டி, பெட்டிக்கு முன்னால், டிவி ஸ்டாண்டின் விளிம்பில் வைத்தேன். அன்றிலிருந்து ஒரு தடவைகூடத் தவறவில்லை. உங்கள் வீட்டில் கன்ட்ரோலர் விட்டுவிட்டு வேலை செய்தால் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

படி 7: கேம்களைச் சேர்ப்பது

பட்டோசெராவில் முகப்பிலிருந்து கீபோர்டில் எஃப்1 தட்டினால் ஃபைல் மேனேஜர் திறக்கும். ரோம் (கேம் ஃபைல்) ஃபோல்டருக்குள் ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு ஃபோல்டர். உங்கள் கேம் ஃபைல்களை அந்தந்த இடத்தில் வைத்து, மெனுவில் கேம் பட்டியலைப் புதுப்பியுங்கள். வேறு கணினியிலிருந்து வீட்டு நெட்வொர்க் வழியாகவும் அனுப்பலாம். சில கன்சோல்களுக்கு பயாஸ் ஃபைல், அதாவது அந்தக் கன்சோலுக்குள்ளேயே இருந்த தொடக்க நிரல், தேவை. எது குறைகிறது என்று மெனுவிலேயே பார்க்க வசதி இருக்கிறது. விளையாட்டிலிருந்து வெளியே வர, கன்ட்ரோலரில் ஹாட்கீயாக அமைத்த பட்டனையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இதை முதலிலேயே சொல்லித் தராவிட்டால் வீட்டில் உள்ளவர்கள் சுவிட்சை அணைத்துத்தான் வெளியே வருவார்கள். அப்படி அணைத்தால் எஸ்டி கார்டில் உள்ள தரவு கெடும் வாய்ப்பு அதிகம்.

கேம்கள் எங்கிருந்து வர வேண்டும்? எமுலேட்டர் மென்பொருள் சட்டப்படி சிக்கல் இல்லாதது. கேமும் பயாஸும் காப்புரிமை உள்ளவை. நான் என்னிடம் இருக்கும் டிஸ்க்குகளைக் கணினியின் டிவிடி டிரைவில் போட்டுப் பிரதி எடுத்துக்கொள்கிறேன், பழைய கார்ட்ரிட்ஜ்களுக்கு அதற்கென்று இருக்கும் ரீடரைப் பயன்படுத்துகிறேன். பிரதி எடுப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊரில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கன்சோல்களுக்கு இன்றும் புதிதாக கேம் எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் வாங்கினால் ஃபைலாகவே கிடைக்கும், பூட்டு இருக்காது.

பாஸைட்டில் ஸ்டீம் கணக்கைத் திறந்தால் உங்கள் நூலகம் முழுதும் தெரியும். ஒரு கேம் ஓட மறுத்தால் அதன் பண்புகளில் 'கம்பாட்டிபிலிட்டி' பகுதிக்குப் போய் வேறொரு புரோட்டான் பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். வீடியோக் காட்சிகள் கறுப்பாக வருவது போன்ற சிக்கல்களுக்குச் சமூகம் பராமரிக்கும் புரோட்டான் ஜிஇ பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஸ்டீமுக்கு வெளியே வாங்கியவற்றுக்கு ஹீரோயிக் லாஞ்சர்: எபிக், ஜிஓஜி இரண்டையும் கொண்டுவரும். ஜிஓஜியில் வாங்கினால் நிறுவும் ஃபைலையே இறக்கித் தனியாக வைத்துக்கொள்ளலாம், கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நம்முடையது. அந்த 11 கேம்களுக்குப் பிறகு நான் முதலில் அங்கேதான் தேடுகிறேன்.

கேம்களுக்கென்று தனி டிஸ்க் வைத்தால் அதை லினக்ஸின் இஎக்ஸ்டி4 அல்லது பிடிஆர்எஃப்எஸ் வடிவத்துக்கு மாற்றுங்கள். விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அப்படியே மாட்டினால் கேம் பட்டியலில் தெரியும், தொடங்க மறுக்கும்; காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் தேடுவீர்கள்.

படி 8: யாருடைய அனுமதியும் வேண்டாத கேம்கள்

இதுவரை சொன்னது மற்றவர்கள் விற்கும் கேம்கள். இந்தப் பெட்டிக்கென்றே பிறந்த மாதிரி ஒரு தனி உலகம் இருக்கிறது. சூப்பர்டக்ஸ்கார்ட்டில் ஆரம்பியுங்கள்: கார் பந்தயம், ஒரே டிவியில் திரையைப் பிரித்துக் குடும்பமே விளையாடலாம். வெஸ்நாத் 2003-இலிருந்து வளரும் வியூக விளையாட்டு. முன்பு மைன்டெஸ்ட் என்று இருந்து 2024-இல் பெயர் மாறிய லுவான்டியில் குழந்தைகள் கட்டட உலகமே கட்டுவார்கள், விருப்பப்பட்டால் அதன் நிரலையும் மாற்றிப் பார்ப்பார்கள். ஓப்பன்டிடிடி, ஹெட்ஜ்வார்ஸ், 0 ஏ.டி. எல்லாமே இலவசம், எல்லாவற்றின் மூல நிரலும் கிடைக்கும்.

மூல நிரல் கிடைப்பதால் என்ன ஆகும் என்பதற்கு டூம் போதும். 1993-இல் வந்த அந்த கேமின் நிரலை 1997 டிசம்பரில், அதை எழுதியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் வெளியிட்டார். அன்றிலிருந்து புதிதாக வரும் ஒவ்வொரு கருவிக்கும் யாரோ ஒருவர் அதை எடுத்துச் செல்கிறார். மூலக் கேமின் படங்களுக்கும் ஒலிகளுக்கும் இன்னும் காப்புரிமை இருப்பதால், அவற்றுக்குப் பதிலாகப் புதிதாக வரைந்து சேர்த்த ஃப்ரீடூம் என்ற தொகுப்பும் இருக்கிறது. உங்கள் கன்சோலில் அதைப் போட்டு ஒரு நிலையாவது விளையாடிப் பாருங்கள்.

படி 9: சேவ்களைக் காப்பாற்றுவது

பட்டோசெராவில் சேவ்களுக்குத் தனி ஃபோல்டர் இருக்கிறது. பிசி கேம்களின் சேவ்கள் சிதறிக் கிடக்கும், ஒவ்வொரு கேமுக்கும் புரோட்டான் உருவாக்கும் தனி ஃபோல்டருக்குள் இருக்கும். ஸ்டீம் கிளவுட் உள்ள கேம்களுக்குக் கவலை இல்லை, மற்றவற்றைத் தேடிக் குறித்து வையுங்கள். சிங்திங் என்ற மென்பொருளைக் கன்சோலிலும் வீட்டில் இருக்கும் இன்னொரு கணினியிலும் போட்டால், சேவ் ஃபோல்டர்கள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கும், வெளி சர்வர் எதிலும் சேமிக்காமல். அதோடு மாதம் ஒரு தடவை ஒரு பென் டிரைவில் பிரதி எடுங்கள். ஒரு பக்கம் தவறுதலாக அழித்தால் சிங்திங் மறுபக்கமும் அழித்துவிடும், அதனால் இந்தத் தனிப் பிரதி அவசியம்.

பிரதி எடுத்தால் மட்டும் போதாது, ஒரு தடவையாவது திருப்பி ஏற்றிப் பாருங்கள். இன்னொரு பென் டிரைவில் பட்டோசெராவைப் புதிதாக எழுதி, சேவ் ஃபோல்டரை அதற்குள் போட்டு, ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். தம்பி போன முறை வந்திருந்தபோது, பழைய லேப்டாப் ஒன்றில் அப்படித்தான் செய்தோம். நாங்கள் இழந்த அந்த ஆட்டத்தை, அதன் உறையில் பத்திரமாக இருந்த கேம் டிஸ்க்கிலிருந்து பிரதி எடுத்து, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்திருந்தோம். லேப்டாப் திரையில் எங்கள் இருவர் பெயரும் ஐந்தாவது நிலையும் அப்படியே வந்தன. அந்த பென் டிரைவ் இப்போது ஒரு சின்ன உறையில், தேதி எழுதி, கன்சோலுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.